ஐயாவின் எடையும் இடது டயரும்

நஸீர் பாய் என் உள்ளங்கையைக் கேட்டார்.

கண்ணமங்கலத்தில் வேலூர் சாலையை ஒட்டி அவருடைய வீல் அலைன்மென்ட் கடை. என் கார் குழியின் மேல் நின்றது. அவர் குழிக்குள் நின்றார். மார்புக்கு மேல்தான் வெளியே தெரிந்தது. நான் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடது முன் சக்கரத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். சூடான ரப்பர் வாசனை. பக்கத்துக் கடையில் போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள், அந்த வாசனையும் இதோடு கலந்து வந்தது.

"கையை இப்டி டயர் மேல வைங்க மேடம். உள்ளேர்ந்து வெளிய தேய்ங்க."

தேய்த்தேன். வழவழவென்று போயிற்று.

"இப்ப வெளியேர்ந்து உள்ள."

இந்த முறை தேங்காய்த் துருவியில் கை பட்டது போலிருந்தது. ஒவ்வொரு பட்டனும் தோலைப் பிடித்து இழுத்தது. டயரின் மேல்புறத்தில் கட்டம் கட்டமாக இருக்கிற ரப்பர் மேடுகளை எங்கள் பக்கத்தில் பட்டன் என்றுதான் சொல்வார்கள்.

"ஒரு பக்கம் போனா வழவழன்னு கீது, திரும்பி வந்தா சுரசுரன்னு கீது. அப்டின்னா சக்கரம் நேரா உருளல மேடம். மூஞ்ச ஒரு பக்கம் திருப்பிக்கினு, தரையில இழுபட்டுக்கினே போவுது. நீங்க இன்னா பிரச்சினைன்னு நெனச்சி வந்தீங்க?"

"முன்னாடி இடது சீட்ல உக்கார்றவர் கொஞ்சம் எடை அதிகம். அதனால தேயுதுன்னு நெனச்சோம்."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

"யார் சொன்னது அப்டி?"

"நான்தான்."

"நீங்க இன்னா வேலை மேடம்?"

இயற்பியல் ஆசிரியை என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. "டீச்சர்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

மலை ஏறிய மூன்று பேர்

ஜவ்வாது மலைக்கு மாற்றலாகி வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். மேலேயே தங்கினீர்களா, தினமும் ஏறி இறங்கினீர்களா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஏறி இறங்கினேன். கலசப்பாக்கத்தில் வீடு, போளூர் வழியாக மலை, மலை மேல் பள்ளிக்கூடம். மேலே வீடு பார்க்கலாம் என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் பேசுவேன். ஜூலையில் மறந்துபோகும்.

கார் வாங்கும்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஓட்டக் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். முதல் நாள் நான்கு சக்கரத்தின் கீழும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வெளியே எடுத்தேன். திருஷ்டிக்கும் எனக்கும் பெரிய சம்பந்தமில்லை. ஆனால் வைக்காமல் எடுத்துவிட்டு, பிறகு ஏதாவது ஆனால் ஊர் சும்மா விடாது.

என்னோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தமிழாசிரியர் ஏகாம்பரம் ஐயா, கலசப்பாக்கத்திலேயே இரண்டு தெரு தள்ளி வீடு. இன்னொருத்தி கணக்கு டீச்சர் கோமதி, போளூரில் ஏறிக்கொள்வாள். கோமதி பின் சீட்டில் விடைத்தாள் கட்டோடு உட்காருவாள். ஐயா முன்னால், என் இடது பக்கம். அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. காலை நீட்டி உட்கார முன் சீட்தான் தோது.

ஐயா நல்ல கனம். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் ஏறி உட்கார்ந்ததும் கார் ஒரு முறை தாழ்ந்து எழும். "வண்டி வணக்கம் சொல்லிச்சி பாத்தீங்களா டீச்சர்" என்பார். மலைப் பிள்ளைகளின் பெற்றோர் பலாப்பழமோ தேனோ கொண்டுவந்து கொடுத்தால், முக்கால்வாசி அவருக்குத்தான் வரும். வகுப்பில் இலக்கணச் சுத்தமாகப் பேசுவார். காரில் ஏறியதும் எங்களைப் போலத்தான்.

அடிவாரத்தில் ஒரு நிமிடம்

மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இடது பக்கம் ஒரு முனீஸ்வரன். சின்னக் கோயில், ஒரு ஆள் உயரச் சிலை, முன்னால் அரை அடி உயரத்தில் ஒரு கருங்கல் மேடை. மேலே போகிற எந்த வண்டியும் அங்கே ஒரு கும்பிடு போடாமல் போகாது. லாரிக்காரர்கள் கற்பூரம் ஏற்றுவார்கள். பஸ் வேகம் குறைத்து ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போகும். அதற்கு மேலே கொண்டை ஊசி வளைவுகள் வரிசையாக வரும், அதனால் அந்த ஒரு நிமிடத்தை யாரும் மிச்சம் பிடிப்பதில்லை.

நாங்களும் நிற்போம். சாலை அந்த இடத்தில் குறுகல். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு வழி விட வேண்டுமே என்று இடது முன் சக்கரத்தை அந்தக் கல் மேடையின் மேல் ஏற்றி நிறுத்துவேன். தடக்கென்று ஒரு சத்தம் வரும். கோமதி இறங்கிப்போய் விபூதி கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு சிட்டிகையை பானெட்டிலும் பூசுவாள். பிறகு சக்கரம் கல்லின் மேல் இருக்கும்போதே ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்து, மறுபடியும் தடக்கென்று இறங்கிச் சாலைக்கு வருவேன். புதிதாக வண்டி கற்றுக்கொண்டவள் இவ்வளவு சாமர்த்தியமாக நிறுத்துகிறேனே என்று எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வேலை நாள் தவறாமல் இது நடந்தது. பள்ளிக்கு விடுமுறை என்றால்தான் முனீஸ்வரனுக்கும் விடுமுறை.

கம்பி தெரிந்த நாள்

இடது முன் டயர் முதல் முறை போனது ஒரு மழைக்காலத்தில். போளூரில் பஞ்சர் என்று கழற்றினால், பஞ்சர் கடைக்காரர் டயரை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தி, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வெளிப்பக்கம் பட்டன் நன்றாகவே இருந்தது. உள்விளிம்பு மட்டும் மொட்டை. அதிலும் ஒரு சாண் நீளத்துக்கு ரப்பரே போய், உள்ளே இருக்கிற கம்பி வெள்ளையாகப் பளபளத்தது.

"இத வச்சிக்கினா மலை ஏறுனீங்க? எங்கனா வளைவுல வெடிச்சிருந்தா இன்னா ஆவும்?"

டயரின் உள்விளிம்பு நின்றுகொண்டு பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்துவிட்டு, இறங்கிப்போய்க் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். நான் அதுவரை ஒரு நாளும் பார்த்ததில்லை. 'வாகனச் சக்கரங்களில் வரிப்பள்ளங்கள் இருப்பது ஏன்?' என்று வருடா வருடம் பிள்ளைகளைக் கேட்டு இரண்டு மதிப்பெண் போட்டவள், சொந்தச் சக்கரத்தைக் குனிந்து பார்த்ததில்லை.

"ஏன் இது மட்டும் தேஞ்சிது?" என்றேன்.

"மலை ரோடு மேடம், அப்டித்தான்" என்றார் கடைக்காரர். எங்கள் பக்கத்தில் எதற்கும் அதுதான் பதில். பிரேக் போனாலும் மலை ரோடு, ஹாரன் கத்தாவிட்டாலும் மலை ரோடு.

கோமதிதான் ஆரம்பித்தாள். அவள் மனதில் கெடுதல் கிடையாது, வாய்தான் கொஞ்சம் நீளம். "மலை ரோடு நாலு டயருக்கும் ஒண்ணுதானேங்க. இடது டயரு மட்டும் தேயுதுன்னா, இடது பக்கம் யார் உக்கார்றாங்கன்னு பாருங்க" என்றாள்.

ஐயா சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் இயற்பியல். "அதுல உண்மை இருக்கு கோமதி" என்று ஆரம்பித்து, எடை கூடினால் தரையின் மேல் விழும் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் உராய்வு கூடும், உராய்வு கூடினால் தேய்மானம் கூடும் என்று பஞ்சர் கடை வாசலில் நின்று பாடம் எடுத்தேன். போதாக்குறைக்கு, "ஏத்தத்துல, வளைவுல இது இன்னும் ஜாஸ்தி" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஐயாவின் சிரிப்பு நின்றது. கோபமாக இல்லை. வகுப்பில் நல்ல மாணவன் கேட்பானே, அப்படிக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நெசமாவா டீச்சர்?"

"பின்ன? விதி விதிதானேங்கய்யா" என்றேன்.

ஒரே ஒரு கேள்வியை அன்றைக்கு நான் எனக்குள் கேட்டிருந்தால் போதும். எடையால் தேய்ந்தால் டயர் முழு அகலத்துக்கும் தேய வேண்டும், உள்விளிம்பு மட்டும் ஏன்? கோமதியே கேட்டிருப்பாள், நான் பேசியது விஞ்ஞானமாக இல்லாமல் இருந்திருந்தால்.

கியர் பக்கம் சாய்ந்தவர்

புது டயர் போட்டு மறுநாள் மலை ஏறினோம். மூன்றாவது வளைவில் கியர் போடக் கை நீட்டினேன், ஐயாவின் தொடை இடித்தது. அவர் சீட்டின் வலது ஓரத்துக்கு வந்து, என் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை கதவின் மேல் கம்பியைப் பிடித்திருந்தது. வளைவு முடிந்ததும் மெல்ல நகர்ந்து நேராக உட்கார்ந்தார். அடுத்த வளைவில் மறுபடியும் அதே.

"இன்னாங்கய்யா பண்றீங்க?" என்றாள் கோமதி.

"இடது பக்கம் பாரம் கொறையட்டும்னு" என்றார்.

கோமதி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் சாய்வதை நிறுத்தவில்லை. அந்த முழங்காலோடு, அத்தனை வளைவுக்கும், போகும்போதும் வரும்போதும். பத்துப் பதினைந்து நாள் அப்படிப் போயிற்று.

பிறகு ஒரு திங்கட்கிழமை அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தேன். அவர் மனைவி வெளியே வந்தார்.

"அவர் மொத பஸ்ஸுக்கே போய்ட்டாரும்மா. டீச்சர் வண்டிக்குப் பாவம், மலை ஏர்ற வண்டி, நாம ஏன் தொந்தரவு குடுக்கணும்னு சொல்லிக்கினு இருந்தார்."

முதல் பஸ் என்றால் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். அது ஊர் ஊராக நின்று சுற்றிக்கொண்டு வரும், எங்கள் பள்ளி வாசலுக்கும் வராது. கூட்டுச் சாலையில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் ஏற்றத்தில் நடக்க வேண்டும். அன்று பள்ளியில் அவரிடம் பேசினேன். "கோச்சிக்கினீங்களா ஐயா?" என்றேன்.

"சேச்சே, கோவம் இன்னாத்துக்கு? நீங்க சயின்ஸ் டீச்சர், வெளக்கமா சொல்லிட்டீங்க. தெரிஞ்சப்புறமும் ஏறி உக்காந்தா அது நல்லா இருக்குமா?"

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சமாதானம் செய்யத் தெரிந்திருக்கும். நம்பிவிட்டவரை என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டு முறை வற்புறுத்தினேன், பிறகு விட்டுவிட்டேன். கோமதி முன் சீட்டுக்கு வந்தாள். கால் நீட்டி உட்கார வசதியாக இருக்கிறது என்றாள்.

இடையில் ஒரு செருப்பு

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயம் ஞாபகம் வருகிறது. பள்ளியில் படிக்கும்போது எனக்கு வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் போய்விடும், அதுவும் குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும். நான் துள்ளித் துள்ளி நடப்பதால்தான் தேய்கிறது என்று அம்மா திட்டுவாள். ஆரணி பஸ் நிலையத்தில் செருப்புத் தைப்பவர் ஒருவர், தேய்ந்த செருப்பைக் கையில் வாங்கியதும் என் காலைப் பார்க்காமலே, "பாப்பா, நீ புஸ்தகப் பைய ஒரே தோள்ல மாட்டுவியா?" என்று கேட்டார். மாட்டுவேன். அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அவர் செருப்பைப் பார்த்துச் சொன்னார். நான் டயரைப் பார்க்காமல் சொன்னேன்.

நஸீர் பாயின் கேள்வி

ஐயா பஸ்ஸுக்குப் போய் மூன்று மாதமிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவும்போது, ஏதோ தோன்றி, ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். புது டயர். உள்விளிம்பில் பட்டன் பாதிக்கு மேல் போயிருந்தது.

கையில் தண்ணீர்க் குழாயோடு அப்படியே நின்றேன். பாரம் போய்விட்டது, தேய்மானம் போகவில்லை. பிள்ளைகளுக்கு இதைத்தான் சோதனை என்று சொல்லிக்கொடுப்போம்: காரணம் என்று நினைப்பதை எடுத்துவிட்டுப் பார், விளைவு நின்றால் அதுதான் காரணம். விளைவு நிற்கவில்லை. தெரியாத்தனமாக நான் ஒரு ஒழுங்கான சோதனையைச் செய்து முடித்திருந்தேன், ஏகாம்பரம் ஐயாவின் முழங்காலை வைத்து.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் கண்ணமங்கலம். வாணியம்பாடிக்காரர் ஒருவர் அங்கே கடை வைத்திருக்கிறார், டயரைத் தொட்டே சொல்லிவிடுவார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

நஸீர் பாய் குழியிலிருந்து ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். எனக்காக மூலையில் கிடந்த பழைய டயர்களை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினார்.

"இத பாருங்க, நடுவுல மட்டும் தேஞ்சி கீது. காத்து ஜாஸ்தி. இது ரெண்டு ஓரமும் தேஞ்சி கீது. காத்து கம்மி, இல்லன்னா ஓவர் லோடு. உங்க ஆளு எடைதான் காரணம்னா இப்டி இருக்கணும். அதுக்கே வண்டியில மூட்டை மூட்டையா ஏத்தணும், ஒரு மனுஷன் உக்காந்தா ஆவாது. இது குழி குழியா கீது பாருங்க, ஷாக் அப்சார்பர் போயிடிச்சி. உங்களுது ஒரே ஓரம். நேர் தப்பிடிச்சி."

அலைன்மென்ட் என்பதை அவர் 'நேர்' என்றுதான் சொன்னார். நேர் பார்க்கணும், நேர் தப்பிடிச்சி, நேர் வச்சிடலாம்.

"வண்டிய எங்கனா மோதினீங்களா?"

"இல்லை."

"பெரிய பள்ளத்துல வுட்டீங்களா?"

"இல்லைங்க, நான் நிதானமாத்தான் ஓட்டுவேன்."

"டயர் பொய் சொல்லாது மேடம். சக்கரத்தத் தாங்கற கீழ ஆர்ம் புஷ் நசுங்கி கீது, சக்கரத்தத் திருப்பற டை ராடு வளஞ்சி கீது. இது ஒரு நாள் அடி இல்ல. தினம் கொஞ்சம் கொஞ்சமா பட்ட அடி. தினமும் எங்கனா கல்லு மேல, படி மேல இடது வீல ஏத்தறீங்களா? வூட்டு வாசல்ல?"

எங்கள் வீட்டு வாசல் சமதரை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது என் காதுக்குள் தடக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

முனீஸ்வரனைப் பற்றிச் சொன்னேன். மேடை, பஸ்ஸுக்கு வழி, ஸ்டியரிங் ஒடிப்பது, எல்லாம்.

"நல்லபடியா போய் வரணும்னு சாமிகிட்ட நிக்கறீங்க. நல்ல காரியம். ஆனா எலுமிச்சம்பழத்து மேல ஏத்தினா பழம் நசுங்கும் மேடம். கல்லு மேல ஏத்தினா வண்டிதான் நசுங்கும். கொஞ்சம் தள்ளி, அகலமான எடத்துல தரையிலயே நிறுத்திட்டு நடந்து போய்க் கும்புடுங்க. உங்க சாமி ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு."

புஷ்ஷும் டை ராடும் மாற்றி, நேர் வைத்துக் கொடுத்தார். கிளம்பும்போது இன்னும் சில சொன்னார். காற்றைக் காலையில் வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும், ஓடிச் சூடான டயரில் பார்த்தால் அளவு ஏமாற்றும். முன் டயர் சீக்கிரம் தேயும், அதனால் மொட்டையாகும் வரை காத்திராமல் முன்னால் இருப்பதைப் பின்னால் மாற்றிப் போட வேண்டும். பலமாக ஏதாவது இடித்தால் மறுநாளே நேர் பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தாலே போதும், முக்கால்வாசி தெரிந்துவிடும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கவே கூடாது.

"அப்புறம் அந்த எடைக்காரருக்கு என் சலாம் சொல்லுங்க" என்றார்.

ஒரு மாதம்

சலாமை நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கோமதியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஐயாகிட்ட சொல்லிடலாம் டீச்சர்" என்றாள். சொல்லலாம் என்றேன். மறுநாள் ஐயாவுக்கு ஏதோ கூட்டம். அதற்கடுத்து தேர்வு வந்தது. பிறகு, இவ்வளவு நாள் கழித்து எப்படிச் சொல்வது என்று வந்தது. முனீஸ்வரன் கோயிலுக்கு முப்பது அடி முன்னாலேயே தரையில் நிறுத்தி நடந்து போய்க் கும்பிட்டு வந்தோம். டயர் தேயவில்லை. தினமும் கூட்டுச் சாலையைத் தாண்டும்போது, ஏற்றத்தில் ஒரு கையில் குடையும் மறு கையில் பையுமாக ஐயா நடப்பது தெரியும். நிறுத்துவேன். "நீங்க போங்க டீச்சர், ஏத்தத்துல நிறுத்தாதீங்க, வண்டி தெணறும்" என்பார். நான் போவேன்.

வெட்கம்தான் காரணம். வேறு பேர் வைத்து அழகாக்க வேண்டியதில்லை. தப்புச் சொன்ன இயற்பியல் டீச்சர் என்று அவர் முன்னால் நிற்க எனக்கு முடியவில்லை, அதற்காக அவரை நடக்க விட்டேன்.

ஒரு மாதம் கழித்து, மதிய இடைவேளையில் அவரே என் மேசைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து வைத்தார். போளூர் பஸ் நிலையத்தில் காசு போட்டால் எடை அச்சடித்துத் தருகிற இயந்திரத்தின் அட்டைகள். ஒன்று பழையது, ஓரம் மடங்கியிருந்தது. ஒன்று அன்று காலை எடுத்தது.

"பாருங்க டீச்சர். ஒம்போது கிலோ."

எனக்கு முதலில் புரியவில்லை.

"ராத்திரில சோத்த நிறுத்திட்டேன். மேல நம்ம பசங்க வூட்ல சாமை வாங்கினு போய், ஒரு டம்ளர் கஞ்சி, அவ்ளோதான். நடையும் ஆச்சில்ல." பெல்ட்டைத் தொட்டுக் காட்டினார். அதில் ஆணி வைத்து அடித்த புது ஓட்டை இரண்டு இருந்தது. "இன்னும் கொறையும். ஆனா மழ வருதே, முட்டி ரொம்ப நோவுது. அதான் ஒங்களக் கேக்கலாம்னு. கணக்குப் போட்டுப் பாத்துச் சொல்லுங்க, இப்ப டயரு தாங்குமா?"

பக்கத்து மேசையில் கோமதி எழுந்து வெளியே போய்விட்டாள்.

"நாளைக்குக் காலையில வர்றேங்கய்யா. பஸ்ஸுக்குப் போவாதீங்க" என்றேன்.

கல்லின் மேல் கறுப்பு

மறுநாள் அவரையும் கோமதியையும் ஏற்றிக்கொண்டு வந்து கோயிலுக்கு முன்னால் தரையில் நிறுத்தினேன். இறங்கச் சொன்னேன். கல் மேடையின் ஓரத்தைக் காட்டினேன். மாதக்கணக்கில் என் டயர் ஏறி இறங்கிய இடத்தில் ரப்பர் அப்பி, ஒரு கை அகலத்துக்குக் கறுப்பாக இருந்தது. மழை பெய்தும் போகவில்லை.

சொன்னேன். நஸீர் பாய் சொன்னது, நான் பஞ்சர் கடை வாசலில் சொன்னது தப்பு என்பது, எல்லாவற்றையும். அவர் எடைக்கும் டயருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றேன். மன்னிச்சிடுங்க என்றும் சொன்னேன்.

அவர் குனிந்து அந்தக் கறுப்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எப்பத் தெரிஞ்சிது டீச்சர்?"

"ஒரு மாசம் ஆச்சிங்கய்யா."

"ஒரு மாசமா?"

"ஆமாம்."

அவர் விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். விபூதி எடுத்துப் பூசிக்கொண்டு, எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்தார். கோமதி அழுதுகொண்டிருந்தாள்.

"நல்ல வேளையாப் போச்சி" என்றார். "அந்தக் கம்பி தெரிஞ்ச டயரு வளைவுல வெடிச்சிருந்தா மூணு பேரும் போயிருப்போம். அழுவாத கோமதி. ஒடம்புக்கும் நல்லதுதானே."

திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

கோமதி பின் சீட்டுக்குப் போனாள். ஐயா முன்னால் ஏறினார். கார் முன்பு போல அவ்வளவு தாழவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை, வணக்கம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, பேசிக்கொண்டே ஏறினோம். மூன்றாவது வளைவில் கியரை மாற்றக் கை நீட்டினேன். அவர் தொடை இடித்தது.

சீட்டின் வலது ஓரத்தில், என் பக்கமாகச் சாய்ந்து, கதவின் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நேரா உக்காருங்க" என்றேன்.

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நேராத்தானே டீச்சர் உக்காந்துக்கினு கீறேன்."